முதல் ஐ.இ.பி. கூட்டத்துக்கு முன்: அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவைப்படலாம் என்று பள்ளி மதிப்பீடு செய்து முடித்தபின், ஐ.இ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) கூட்டத்துக்கு வரும்படி ஓர் அழைப்பு வரும். தேதி, நேரம், ஏழெட்டுப் பேரின் பதவிகள் ஆகியவை அதில் இருக்கும். அதைப் படித்ததும் நம்மில் பெரும்பாலோர், ‘அவர்கள் முடிவைச் சொல்லப் போகிறார்கள், நாம் கேட்டுக்கொண்டு வர வேண்டியதுதான்’ என்று எண்ணிக்கொள்கிறோம். ஆசிரியரிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு அது இயல்பான எண்ணமே. ஆனால் சட்டப்படி, தனிநபர் கல்வித் திட்டம் எனப்படும் அந்த ஆவணத்தை எழுதும் குழுவில் பெற்றோரும் உறுப்பினர்கள். மேசையைச் சுற்றி உட்காரும் ஒரு மணி நேரத்தில் புதிதாக எதையும் சிந்திக்க அவகாசம் கிடைக்காது. ஆகவே, கூட்டத்தின் உண்மையான வேலை அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில், வீட்டில், காகிதமும் பேனாவுமாக நடக்க வேண்டியதாக இருக்கிறது.

சட்டத்தின் சட்டகம்

1975ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1990இல் ‘ஐடியா’ என்று பெயர் மாற்றப்பட்டு, 2004இல் திருத்தப்பட்ட கூட்டாட்சிச் சட்டமே இதற்கெல்லாம் அடிப்படை. தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 3 வயதிலிருந்து, மாநில விதிகளைப் பொறுத்து 21 வயது வரை, இலவசமான, பொருத்தமான பொதுக் கல்வியைத் தர அரசுப் பள்ளிகள் கடமைப்பட்டவை என்று அது சொல்கிறது. பிள்ளையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்தைத் தரும் வகையில் திட்டம் அமைய வேண்டும், பெயரளவுக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்தால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் எண்ட்ரூ எஃப். வழக்கில் தீர்ப்பளித்தது. குடும்பத்தின் விசா நிலையைக் காட்டி அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்பது 1982ஆம் ஆண்டின் ப்ளைலர் வழக்கிலேயே முடிவான செய்தி. ‘நாம் இந்நாட்டுக் குடிமக்கள் இல்லையே, கேட்கலாமா’ என்ற தயக்கத்தை இதோடு ஓரமாக வைத்துவிடலாம்.

காலக்கெடுவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. நீங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் தந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. மாநிலம் தனியாக ஒரு கெடு வைத்திருந்தால் அதுவே செல்லும். டெக்சஸில் அது 45 பள்ளி நாள்கள். பிள்ளை தகுதியுடையது என்று முடிவானபின் 30 நாள்களுக்குள் ஐ.இ.பி. கூட்டம் நடக்க வேண்டும். பெயர்களும் மாறும்: டெக்சஸில் இதே கூட்டத்தை ‘ஏ.ஆர்.டி.’ என்பார்கள், நியூயார்க்கில் ‘சி.எஸ்.இ.’ என்பார்கள். பெயர் புதிதாக இருந்தால் மிரள வேண்டாம், நடப்பது ஒன்றுதான்.

முதலில் மூன்று மின்னஞ்சல்கள்

கூட்டத்துக்கு நாள் குறிக்கப்பட்டவுடன், பள்ளி மாவட்டத்தின் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளருக்கு மூன்று கோரிக்கைகளை எழுத்தில் அனுப்புங்கள். நேரில் சொன்னால் போதாதா என்றால், போதாது. சொன்னது மறந்துபோகும், எழுதியது தேதியோடு நிற்கும்.

ஒன்று, மதிப்பீட்டு அறிக்கைகள் அனைத்தும், வரைவு ஐ.இ.பி. ஏதேனும் தயாரிக்கப்பட்டிருந்தால் அதுவும், கூட்டத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக உங்கள் கைக்கு வர வேண்டும். பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பார்க்கக் கேட்கும் பெற்றோருக்கு, ஐ.இ.பி. கூட்டத்துக்கு முன்பாக அவற்றைக் காட்ட வேண்டும் என்பது விதி. வரைவோடு வருவதில் தவறில்லை. முடிந்துபோன முடிவாக அதை நீட்டுவதுதான் தவறு.

இரண்டு, வீட்டில் யாருக்கேனும் ஆங்கிலத்தில் நுட்பமான பேச்சைத் தொடர்வது கடினம் என்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கூட்டத்தில் நடப்பது பெற்றோருக்குப் புரிய வேண்டும் என்பதும், அதற்கு மொழிபெயர்ப்பாளர் உட்பட வேண்டியதைச் செய்வது பள்ளியின் பொறுப்பு என்பதும் சட்டத்திலேயே உள்ளன. அலுவலகத்தில் நாள் முழுவதும் ஆங்கிலம் பேசுபவர்கள்கூட, தங்கள் பிள்ளையைப் பற்றி ஏழு பேர் பேசும்போது சொற்களைத் தவறவிடுகிறார்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அது அந்தக் குழந்தை சுமக்கக் கூடிய பாரம் அன்று.

மூன்று, கூட்டத்துக்கு ஒதுக்கிய நேரம் எவ்வளவு, யார் யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். முதல் கூட்டத்துக்கு அரை மணி நேரம் போதாது. குறித்த நேரத்தில் இரு பெற்றோரும் வர இயலாது என்றால் வேறு நேரம் கேட்கலாம்; இருதரப்புக்கும் ஒத்துவரும் நேரத்தில் கூட்டத்தை வைப்பது பள்ளியின் கடமை.

மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்கும் முறை

இருபது முப்பது பக்கம் நீளும் அறிக்கையை ஒரே மூச்சில் படிக்க முயல வேண்டாம். முதல் முறை படிக்கும்போது மனம் கலங்கும். படித்துவிட்டு மூடி வையுங்கள். மறுநாள், இரண்டு வண்ணப் பேனாக்களோடு உட்காருங்கள்: ‘ஆம், இது என் பிள்ளைதான்’ என்று தோன்றும் இடங்களுக்கு ஒரு வண்ணம், ‘இது புரியவில்லை’ அல்லது ‘இது சரியில்லை’ என்று தோன்றும் இடங்களுக்கு இன்னொன்று.

எண்களில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறோம், ஏனென்றால் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். ‘16ஆவது பெர்சன்டைல்’ என்பதை 16 மதிப்பெண் என்று படித்துவிட்டு ஓர் இரவு முழுவதும் தூங்காமல் இருந்தவன் நான். அதன் பொருள் வேறு: ஒரே வயதுடைய 100 பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால், ஏறத்தாழ 16 பேர் உங்கள் பிள்ளைக்குக் கீழேயும் மற்றவர்கள் மேலேயும் இருப்பார்கள். பெரும்பாலான தேர்வுகளில் ‘ஸ்டாண்டர்ட் ஸ்கோர்’ எனப்படும் அளவு 100ஐச் சராசரியாகக் கொண்டது; 85 முதல் 115 வரை உள்ள வட்டத்துக்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் அடங்குவார்கள். 85 என்பது அந்த 16ஆவது பெர்சன்டைல். 70 என்பது இரண்டாவது பெர்சன்டைலுக்கு அருகில் வரும். உட்பிரிவுகளுக்குத் தரப்படும் ‘ஸ்கேல்டு ஸ்கோர்’ 10ஐச் சராசரியாகக் கொண்டது என்பதால், அங்கே 7 அல்லது 8 என்று பார்த்துவிட்டு அதிர வேண்டியதில்லை.

மொத்த எண்ணைவிட உட்பிரிவுகளுக்கிடையே உள்ள மேடு பள்ளங்களே திட்டத்துக்குப் பயன்படும். பார்த்துப் புரிந்துகொள்வதில் 105, கேட்டுப் புரிந்துகொள்வதில் 74 என்று இருக்கும் பிள்ளைக்குச் சராசரி எடுத்து 90 என்று சொன்னால், அந்தச் சராசரி எதையும் விளக்காது. படங்களோடு சொல்லிக்கொடுத்தால் இந்தப் பிள்ளை கற்கும் என்பதே அங்கு கிடைக்கும் செய்தி. அதைத் திட்டத்தில் ஏற்ற வேண்டும்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு கேள்வி உண்டு: மதிப்பீடு எந்த மொழியில் நடந்தது? பிள்ளை எந்த மொழியில், எந்த வடிவில் தன் திறனைச் சரியாக வெளிப்படுத்துமோ அந்த மொழியில், இயலாதது என்று தெளிவாகத் தெரிந்தாலன்றி, மதிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். ஆங்கிலம் போதிய அளவு தெரியாதது மட்டுமே காரணமாக இருந்தால் பிள்ளையைச் சிறப்புக் கல்விக்குத் தகுதியுடையதாக அறிவிக்கவும் கூடாது. வீட்டில் தமிழில் எத்தனை சொற்கள் பேசுகிறது, எப்படிப்பட்ட வாக்கியங்கள் அமைக்கிறது என்பதை ஆய்வாளர் கேட்டாரா, அறிக்கையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே, ‘வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்ற அறிவுரை இன்றும் சில இடங்களில் வருகிறது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்பதே ஆய்வுகள் காட்டுவது. தாத்தா பாட்டியோடு பிள்ளை பேசும் ஒரே மொழியைப் பறித்துவிட்டு நாம் அடையப் போவது ஒன்றுமில்லை.

மருத்துவர் கொடுத்த சான்றிதழ் கையில் இருந்தால் தகுதி தானாகக் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். சட்டத்தில் வரையறுக்கப்பட்ட 13 வகைகளில் ஒன்றில் பிள்ளை அடங்க வேண்டும், அதன் காரணமாகச் சிறப்புக் கல்வி தேவைப்படவும் வேண்டும். சிறு வயதினருக்கு, 3 முதல் 9 வயதுக்குள், ‘வளர்ச்சித் தாமதம்’ என்ற பொதுவான வகையை மாநிலங்கள் பயன்படுத்தலாம். மருத்துவரின் அறிக்கையை முன்கூட்டியே அனுப்புங்கள். குழு அதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பள்ளியின் மதிப்பீட்டோடு நீங்கள் உடன்படவில்லை என்றால், பள்ளியின் செலவிலேயே வெளி நிபுணர் ஒருவரின் மதிப்பீட்டைக் கேட்கலாம். ஒன்று, பள்ளி அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரியானதே என்று விசாரணையில் நிறுவ வேண்டும்.

உங்கள் பக்கம்

குழுவில் உள்ள அனைவரும் அறிக்கையோடு வருவார்கள். நீங்களும் ஒன்றோடு செல்லுங்கள், ஒரே ஒரு பக்கம். ‘நல்ல பிள்ளை, கொஞ்சம் பிடிவாதம்’ என்பது போன்ற வருணனைகள் அங்கே பயன்படா. பிள்ளை என்ன செய்கிறது, எப்போது, எதற்குப் பின் என்று எழுதுங்கள். ‘தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துச் செல்கிறான், கோப்பையின் படத்தைக் காட்டினால் தொட்டுக் காட்டுகிறான், கேட்டதைத் தராமல் ஐந்து நொடி காத்திருந்தால் “தண்ணி” என்கிறான்.’ இந்த ஒரு வரியில் ஒரு பேச்சுப் பயிற்சியாளருக்கு மூன்று செய்திகள் கிடைத்துவிடுகின்றன.

அந்தப் பக்கத்தின் முதல் பாதியில் பிள்ளைக்கு என்ன வரும், எதில் ஈடுபாடு என்று எழுதிவிட்டு, அடுத்த பாதியில் உங்களை இரவில் தூங்கவிடாத இரண்டு கவலைகளை மட்டும் எழுதுங்கள். பத்துக் கவலைகளை எழுதினால் பத்தும் ஒரே அளவு தேய்ந்துபோகும். பெற்றோரின் கவலைகளுக்கு ஐ.இ.பி. ஆவணத்திலேயே பெரும்பாலும் தனி இடம் உண்டு. ‘என் கடிதத்தை அப்படியே அந்த இடத்தில் சேர்த்துவிடுங்கள்’ என்று கேட்டால், வேறொருவர் சுருக்கி எழுதி நீர்த்துப்போகாமல் உங்கள் சொற்களே பதிவாகும். இரண்டு நிமிடக் காணொளி ஒன்றை, வீட்டில் பிள்ளை இயல்பாக இருக்கும் நேரத்தில் எடுத்து வைத்திருப்பதும் நல்லது. புதியவர்களின் முன் வாய் திறக்காத பிள்ளைக்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

நடப்பு நிலையும் குறிக்கோள்களும்

கூட்டத்துக்குச் செல்லும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நிற்கிறார்கள்: வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஸ்பீச் தெரபி தருவீர்கள்? அது கடைசியில் வர வேண்டிய கேள்வி என்பதே என் அழுத்தமான கருத்து. ‘நடப்பு நிலை’ என்ற பகுதியே திட்டத்தின் அடித்தளம். அங்கே ஒரு தேவை எழுதப்பட்டால்தான் அதற்கு ஒரு குறிக்கோள் வரும், குறிக்கோள் இருந்தால்தான் அதற்கு ஒரு சேவை வரும். நடப்பு நிலையில் ‘சக மாணவர்களோடு விளையாடுவதில் சிரமம்’ என்ற வரியே இல்லாவிட்டால், சமூகத் திறன் பயிற்சி வேண்டும் என்று நீங்கள் எவ்வளவு மன்றாடினாலும் அதைத் தொங்கவிட ஆணி இருக்காது.

ஆகவே வரைவு கைக்கு வந்ததும், உங்கள் இரண்டு கவலைகளும் நடப்பு நிலையில் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். இருந்தால், அங்கே எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘கவனம் குறைவு’ என்பது அபிப்பிராயம். ‘வட்டமாக உட்கார்ந்து கதை கேட்கும் 15 நிமிடத்தில் 4 நிமிடம் உட்கார்கிறாள், அதற்குள் 3 முறை நினைவூட்ட வேண்டியிருக்கிறது’ என்பது நடப்பு நிலை. அடுத்த ஆண்டு இதே எண்ணோடுதான் ஒப்பிடப் போகிறார்கள்.

குறிக்கோளையும் அதே உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள். ‘மொழித்திறன் மேம்படும்’ என்ற வாக்கியத்தை எந்தப் பிள்ளையின் திட்டத்திலும் ஒட்டிவிடலாம், ஆண்டு முடிவில் அது நிறைவேறியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘வகுப்பில் ஒரு பொருள் வேண்டும்போது, பெரியவர் தூண்டாமல், சொல்லாலோ படத்தாலோ கேட்பான், 10 வாய்ப்புகளில் 8 முறை, தொடர்ந்து 3 பதிவு நாள்களில், இப்போதைய நிலை 10க்கு 2’ என்று இருந்தால், எங்கே தொடங்கி எங்கே போகிறோம், யார் எண்ணுகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. ஒவ்வொரு குறிக்கோளையும் படித்துவிட்டு, ‘பிள்ளையை இதற்குமுன் பார்த்திராத ஒரு மாற்று ஆசிரியர் இதைப் படித்தால், எதை எண்ணுவது என்று அவருக்குத் தெரியுமா?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாது என்றால், மாற்றி எழுதச் சொல்லுங்கள்; அதில் சண்டைக்கு இடமே இல்லை, நல்ல ஆசிரியர்கள் அதை வரவேற்பார்கள்.

குறிக்கோள்களின் எண்ணிக்கை கூடினால் திட்டம் வலுவாகும் என்பதும் மயக்கமே. நான்கைந்து தெளிவான குறிக்கோள்களை ஓர் ஆசிரியர் தினமும் மனத்தில் வைத்திருக்க முடியும். பதினைந்தை எவராலும் முடியாது.

சேவைகளும் இடமும்

பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி), உடலியக்கப் பயிற்சி, ஆலோசனை, பேருந்து வசதி ஆகியவை ‘தொடர்புடைய சேவைகள்’ என்ற தலைப்பில் வரும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், வாரத்துக்கா மாதத்துக்கா, தனியாகவா குழுவிலா, வகுப்புக்குள்ளா வெளியிலா, எந்தத் தேதியிலிருந்து என்பவை எழுதப்பட வேண்டும். ‘மாதம் 120 நிமிடம்’ என்பதும் ‘வாரம் 30 நிமிடம்’ என்பதும் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றே ஆயினும், முதல் வடிவத்தில் ஒரு வாரம் வராமல் போனாலும் விதி மீறப்பட்டதாகாது.

இடத்தைப் பொறுத்தவரை, பொருந்தும் அளவுக்கு மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். பொது வகுப்பில் கூடுதல் உதவி தந்தும் போதாத நிலையில்தான் தனி வகுப்புக்கு மாற்ற வேண்டும். ஆகவே தனி வகுப்பைப் பரிந்துரைத்தால், ‘பொது வகுப்பில் என்னென்ன உதவிகளை முயன்று பார்த்தீர்கள், அல்லது ஏன் அவை போதாது என்று கருதுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். சில பிள்ளைகளுக்குச் சிறிய வகுப்பே நல்லதாக அமையும் என்பதையும் மறுக்க முடியாது. முடிவுக்கு முன் அந்த வகுப்பை நேரில் பார்க்க முடியுமா என்று கேட்பது நல்லது. பேசும் கருவி அல்லது படப் பலகை போன்ற தொடர்புச் சாதனங்கள் தேவையா என்பதையும், பிள்ளையின் நடத்தை கற்றலைத் தடுக்கிறதென்றால் அதற்கான ஆதரவு முறைகளையும் குழு கட்டாயம் பரிசீலிக்க வேண்டும்.

கூட்ட நாள்

அன்று மேசையில் பொதுவாக இருப்பவர்கள்: பெற்றோர், வகுப்பு ஆசிரியர், சிறப்புக் கல்வி ஆசிரியர், மதிப்பீட்டை விளக்கக் கூடிய ஒருவர், பள்ளி மாவட்டத்தின் பிரதிநிதி. கடைசியில் சொன்னவரைக் கவனித்துக்கொள்ளுங்கள். வளங்களை ஒதுக்கும் அதிகாரம் பொதுவாக அவரிடம் இருக்கும். உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல், தம் துறை பேசப்படும் கூட்டத்துக்கு உறுப்பினர் ஒருவர் வராமல் இருக்கக் கூடாது. நீங்களும் பிள்ளையை அறிந்த ஒருவரை, நண்பராகவோ தனியார் பயிற்சியாளராகவோ, அழைத்து வரலாம். முன்கூட்டியே தெரிவித்துவிடுவது மரியாதை. ஒருவர் பேச, மற்றவர் குறிப்பெடுப்பதே சிறந்த ஏற்பாடு. ஒலிப்பதிவு செய்ய விரும்பினால் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 24 மணி நேரத்துக்கு முன் பள்ளிக்குத் தெரிவித்துவிட்டுப் பதிவு செய்யலாம்.

சுருக்கெழுத்துச் சொற்கள் சரமாரியாக வரும். புரியாத ஒவ்வொன்றையும் அப்போதே கேளுங்கள். ‘பிள்ளையின் தேவையைத்தான் பேசுகிறோம், நேரமில்லை என்பதைப் பேசவில்லை’ என்று பணிவாக நினைவூட்ட வேண்டிய தருணமும் வரலாம். ‘எங்களிடம் அதற்கு ஆளில்லை’ என்பதோ ‘எங்கள் பள்ளியில் அப்படிச் செய்வதில்லை’ என்பதோ காரணமாகாது. மறுப்பு வந்தால் குரலை உயர்த்த வேண்டியதில்லை. ‘ப்ரையர் ரிட்டன் நோட்டீஸ்’ எனப்படும் எழுத்துபூர்வ அறிவிப்பில் மறுப்பையும் அதற்கான காரணத்தையும் தந்துவிடுங்கள் என்று கேளுங்கள். எழுதித் தர வேண்டியது பள்ளியின் கடமை. வாய்மொழியாக எளிதில் வந்த மறுப்பு, எழுத உட்காரும்போது மறுபரிசீலனைக்கு வருவதும் உண்டு.

கண்ணீர் வந்தால் ஐந்து நிமிட இடைவேளை கேளுங்கள். அது அந்த அறைக்குப் புதிதன்று.

கையெழுத்துகளில் இரண்டு வகை உண்டு. வந்திருந்தேன் என்பதற்கான கையெழுத்தை அன்றே போடலாம். சேவைகளைத் தொடங்க ஒப்புதல் தரும் கையெழுத்து வேறு, முதல் ஐ.இ.பி.யில் அது இல்லாமல் எதையும் தொடங்க முடியாது. ‘வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு அனுப்புகிறேன்’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் ஏற்கும் பகுதிகளுக்கு மட்டும் ஒப்புதல் தந்து, மற்றவற்றைப் பேச்சில் வைத்திருக்கலாம். பிள்ளைக்குக் கிடைக்கக் கூடிய உதவி அதனால் தாமதமாவதில்லை. எனினும், ஒவ்வொரு வரியும் முழுமையாகும் வரை மாதக்கணக்கில் ஒப்புதலை நிறுத்தி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐ.இ.பி.யைத் திருத்த எப்போது வேண்டுமானாலும் கூட்டம் கேட்கலாம்.

கூட்டம் முடிந்த வாரம்

அன்றிரவோ மறுநாளோ ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: வந்ததற்கு நன்றி, பேசி முடிவானவை இவை, இன்னும் முடிவாகாதவை இவை, நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தெரிவியுங்கள். இறுதி ஆவணத்தின் நகல் இலவசமாக வர வேண்டும். வந்ததும் உங்கள் குறிப்புகளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பேசியது ஆவணத்தில் இல்லை என்றால் அது நடைமுறைக்கு வராது.

கருத்து வேறுபாடு தீராவிட்டால் மத்தியஸ்தம், மாநிலக் கல்வித் துறைக்குப் புகார், முறையான விசாரணை என்று மூன்று வழிகள் உள்ளன. அவற்றுக்கு முன், உங்கள் மாநிலத்தில் கூட்டாட்சி நிதியில் இயங்கும் பெற்றோர் பயிற்சி, தகவல் மையத்தை அழையுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒன்று உண்டு. பெற்றோரிடம் கட்டணம் கேட்பதில்லை. தொலைபேசியில் பேசுபவர்களில் பலர் தாங்களே இப்படிப்பட்ட மேசைகளில் உட்கார்ந்த பெற்றோர்.

ஒரு கோப்பு வாங்கி, மதிப்பீடு, உங்கள் ஒரு பக்கக் கடிதம், ஐ.இ.பி., மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். சேவை தொடங்கும் தேதியை நாள்காட்டியில் குறித்துவைத்து, அந்த வாரத்திலேயே ‘தொடங்கிவிட்டதா’ என்று கேளுங்கள். முன்னேற்ற அறிக்கைகள் எப்போதெல்லாம் வரும் என்பது ஐ.இ.பி.யிலேயே எழுதப்பட்டிருக்கும். முதல் அறிக்கை வந்ததும் அதில் எண் இருக்கிறதா, அந்த எண் 10க்கு 2இலிருந்து நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகரவில்லை என்றால், ஆண்டுக் கூட்டம் வரும்வரை காத்திருக்காமல் அன்றே அடுத்த மின்னஞ்சலை எழுதத் தொடங்குங்கள்.